மாடர்ன் டாக் என்ன மாற்றினார்கள்?

கேள்வி இதுதான்: தாய்லாந்தின் மாடர்ன் டாக் குழுவைப் பற்றி எங்கே படித்தாலும் "தாய் ராக்கை மாற்றியவர்கள்" என்று ஒரு வரி வருகிறது, பாட்டைக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி என்னதான் மாற்றினார்கள்? தொண்ணூறுகளில் அமெரிக்காவின் நிர்வாணா என்ற ராக் குழுவைப் பார்த்து ஊருக்கு ஊர் முளைத்த நகல்களில் இவர்களும் ஒருவர்தானே?

நகல் என்று சொல்லிவிட முடியாது. கிட்டார் சத்தத்தில் அமெரிக்காவின், இங்கிலாந்தின் சாயல் இருக்கிறது, அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் மாற்றியது சத்தத்தை அல்ல. பாட்டை யார் எழுதலாம், யார் பாடலாம், யார் வெளியிடலாம் என்ற ஏற்பாட்டை மாற்றினார்கள். தாய்லாந்தில் அந்த ஏற்பாடு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று தெரிந்தால்தான் இது புரியும். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தாய்லாந்துக்கு ராக் இசை புதிதல்ல. அறுபதுகளிலேயே, இங்கிலாந்தின் ஷேடோஸ் குழுவைப் பார்த்து மூன்று கிட்டாரும் ஒரு டிரம்ஸுமாக இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். அந்த வகைக்குப் பெயரே "வோங் ஷேடோ". வியட்நாம் போர் நடந்தபோது உடோன், கோராத், உ-தபாவ் விமானத் தளங்களில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் போகும் பார்களில் தாய் வாத்தியக்காரர்கள் இரவெல்லாம் ஆங்கிலப் பாட்டு வாசித்தார்கள். பசிக்காக வாசித்தாலும் கை பழகிவிட்டது. ஒரு தலைமுறை கிட்டார் வாசிப்பவர்கள் அந்த பார்களில்தான் உருவானார்கள்.

எழுபதுகளில் மாணவர் போராட்டத்தோடு "வாழ்க்கைக்கான பாடல்" என்ற வகை வந்தது. கேரவன் குழுவில் தொடங்கி, எண்பதுகளில் கராபாவ் வரை. கராபாவின் 1984 ஆல்பமான "மேட் இன் தாய்லாந்து" நாட்டையே கலக்கியது. வெளிநாட்டு மோகத்தைக் கிண்டல் செய்யும் அந்தத் தலைப்புப் பாட்டு இன்றும் கல்யாண வீட்டில்கூட ஒலிக்கும்.

ஆனால் எண்பதுகளில் இன்னொன்றும் நடந்தது. ஆர்எஸ் என்ற நிறுவனமும், 1983-இல் தொடங்கிய கிராமி என்ற நிறுவனமும் சந்தையைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. கிராமி எப்படி வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், தயாரிப்பாளர்கள் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே சம்பளத்துக்கு இருந்தார்கள். முகம் மட்டும் வெளியிலிருந்து வரும். அழகான பையனோ பெண்ணோ கிடைத்தால் அவருக்கேற்ற உடை, முடி, பாட்டு எல்லாம் உள்ளேயே தயாராகும். வானொலி நேரத்தையும் தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் அதே நிறுவனம் கையில் வைத்திருந்ததால், பாட்டு ஒலிபரப்பாகுமா என்ற கவலையும் கிடையாது. பேர்ட் என்று தாய்லாந்து முழுக்கச் செல்லமாக அழைக்கப்படும் தோங்சாய் மெக்கின்டயரை இந்த முறைதான் நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரமாக்கியது. இந்த முறையே மோசம் என்று நான் சொல்லவரவில்லை. அதிலிருந்து அருமையான பாட்டுகள் வந்திருக்கின்றன. ஆனால் சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்தமாக வாசித்து, "இது எங்கள் சத்தம், இதில் கை வைக்காதீர்கள்" என்று சொல்லும் நாலு பேருக்கு அங்கே நாற்காலி இல்லை.

ஹெவி மெட்டல் வாசித்தவர்கள் இருந்தார்கள். நீள முடி, தோல் சட்டை, வேகமான சோலோ. அவர்களுக்கென்று விசுவாசமான கூட்டமும் இருந்தது. அது ஒரு தனித் தீவு.

இப்போது 1992-க்கு வருவோம். அந்த வருடம் மே மாதம் ராணுவப் பின்னணி கொண்ட பிரதமர் சுசிந்தாவுக்கு எதிராக பாங்காக் தெருவில் கூட்டம் இறங்கியது. துப்பாக்கிச் சூடு நடந்தது, கடைசியில் அவர் பதவி விலகினார். அடுத்த மாதம், கிராமத்து இசையான லூக் துங்கின் ராணி என்று கொண்டாடப்பட்ட பும்புவாங் துவாங்ஜான் இளம் வயதிலேயே இறந்துபோனார். அதே வருடத்தில் சூலாலோங்கோர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கி, கோக் நிறுவனம் நடத்திய இசைப் போட்டியில் ஜெயித்தார்கள். இந்த மூன்றும் ஒன்றால் ஒன்று நிகழவில்லை. ஒரே வருடத்தில் ஒரு நகரத்தின் மேல் வந்து இறங்கின, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்து பாங்காக் எப்படிப்பட்ட கொந்தளிப்பில் இருந்தது என்று காட்ட இவை போதும்.

குழுவில் நால்வர். பாடுபவர் தனாச்சாய் உச்சின். தாய்லாந்தில் எல்லோருக்கும் ஒரு செல்லப்பெயர் உண்டு, பத்திரிகைகூட அந்தப் பெயரில்தான் எழுதும். இவருக்கு பாட். கிட்டாருக்கு மேத்தி, டிரம்ஸுக்கு போங், பாஸ் கிட்டாருக்கு பாப். பாட் படித்தது இசை அல்ல, கல்வியியல் துறையில் ஓவியக் கல்வி. இன்றும் ஓவியம் வரைகிறார், கண்காட்சி வைக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் குழுவின் அட்டைப்படம், உடை, மேடை அசைவு எல்லாவற்றிலும் ஓவியப் பள்ளி மாணவனின் குறும்பு தெரியும். மேடையில் அவர் ஆடுவதை நடனம் என்று சொல்ல முடியாது. கைகால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போகும், திடீரென்று உறைந்து நிற்கும். பயிற்சி கொடுத்து வார்த்தெடுத்த நட்சத்திரங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எவ்வளவு புதிதாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சூலா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தப் பல்கலைக்கழகம் நாட்டிலேயே பழமையானது, 1917-இல் தொடங்கியது. அதை ஒட்டியிருக்கிறது சியாம் ஸ்கொயர். பாங்காக் இளவட்டங்கள் டியூஷனுக்கு வருவது, சினிமா பார்ப்பது, துணி வாங்குவது, காதலிப்பது எல்லாம் அங்கேதான். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரே சூலா பல்கலைக்கழகம் என்பது ஒரு வேடிக்கை. அங்கே டிஜே சியாம் என்று ஒரு சின்ன இசைக் கடை. பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத குழுக்களின் காசெட்டையும் சிடியையும் தேடி வருபவர்களுக்கு அது ஒரு தலம் மாதிரி. ஆக, குழு படித்த இடம், ரசிகன் சுற்றும் இடம், காசெட் விற்கும் இடம் எல்லாம் நடந்து போகும் தூரத்துக்குள் இருந்தன. புது இசை பிடித்துக்கொள்ள இதைவிட வாகான நிலம் வேண்டுமா?

போட்டியில் ஜெயித்த குழுக்கள் எத்தனையோ காணாமல் போயிருக்கின்றன. இவர்கள் காணாமல் போகாததற்குக் காரணம் பேக்கரி மியூசிக். 1994-இல் சில நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய சின்னக் கம்பெனி அது. சூக்கி என்ற கமோல் சுகோசோல் கிளாப், பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான பாய்ட் கோசியாபோங், சோம்கியாத் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். சூக்கி ஓட்டல் முதலாளிக் குடும்பத்துப் பிள்ளை, அம்மா ஜாஸ் பாடகி. பணக்கஷ்டத்தில் பிறந்த கம்பெனி என்று கதை கட்ட வேண்டாம். ஆனால் கிராமிக்கும் ஆர்எஸ்ஸுக்கும் முன்னால் அது ஒரு பெட்டிக்கடைதான். அந்தக் கடை முதன்முதலாக வெளியிட்ட ஆல்பமே மாடர்ன் டாக் குழுவுடையது. தயாரித்தவர் சூக்கி. "சேர்ம் சுக்கபாப்", அதாவது உடம்புக்கு நல்லது என்ற பொருளில், ஏதோ சத்துமாவு டப்பாவில் ஒட்டுகிற வாசகத்தைத் தூக்கித் தலைப்பாக வைத்தார்கள்.

அந்த ஆல்பத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் விஷயம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

"புஸ்ஸபா" என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் இருப்பது ஒரு பெண்ணின் பெயர். தாய் இலக்கியத்தில் இனாவ் என்ற காவியத்தின் நாயகிக்கும் அந்தப் பெயர்தான், அதனால் பள்ளியில் படித்த எவர் காதுக்கும் அது பழைய அரண்மனைப் பெயராக ஒலிக்கும். அந்தப் பெயரைக் கொண்டுவந்து சுரண்டும் கிட்டாருக்கு நடுவே நிறுத்துகிறார்கள். "மானீ" என்ற பாட்டும் அப்படித்தான். எழுபதுகளின் இறுதியிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை தாய்லாந்துக் குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட அரசுப் பாடப்புத்தகத்தில் வரும் சிறுமியின் பெயர் மானீ. 1994-இல் இருபது வயதில் இருந்த ஒருவனுக்கு அந்தப் பெயர் ஒன்றே போதும், முதல் வகுப்பு பெஞ்ச் ஞாபகத்துக்கு வந்துவிடும். ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கிய சத்தத்துக்குள், அந்த ஊரில் வளர்ந்தவனுக்கு மட்டுமே பிடிபடுகிற பொருட்களை வைத்தார்கள். நகல் எடுப்பவர்களுக்கு இது வராது.

பிறகு "கோன்". தாய்லாந்தில் மாடர்ன் டாக் என்றால் முதலில் வாயில் வருவது இந்தப் பாட்டுதான். "கோன்" என்றால் "முன்பு". வானம் தெளியும் முன்பு, பூ மலரும் முன்பு என்று "முன்பு, முன்பு" என்றே வரிகளை அடுக்கிக்கொண்டு போகும். கதை சொல்லாது, காரணம் சொல்லாது. மெதுவாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏறும். பாடுபவர் அழவில்லை, கெஞ்சவில்லை. அப்போதைய தாய் சோகப் பாட்டுகளில் காதல் தோல்வி என்றால் வரிக்கு வரி விளக்கம் இருக்கும்: நீ ஏன் போனாய், நான் என்ன குறை வைத்தேன். இந்தப் பாட்டு அந்த விளக்கத்தை எல்லாம் விட்டுவிட்டது. பாங்காக்கில் எந்த பப்பில் உட்கார்ந்தாலும், இரவு ஏறிய பிறகு மேடையில் இருக்கும் குழு இந்தப் பாட்டைத் தொடங்கினால் முழு அறையும் சேர்ந்து பாடும். பாட்டு வந்தபோது பிறந்தே இருக்காத பிள்ளைகளும் வரி தவறாமல் பாடுவார்கள்.

"கலா", "பாங் சிங்" போன்றவை அதே ஆல்பத்தில் இன்னும் கரடுமுரடானவை. என் காதுக்கு ஆல்பம் முழுவதும் ஒரே தரத்தில் இல்லை. சில இடங்களில் மாணவர் விழா மேடை வாசனை போகவே இல்லை. ஆனாலும் அந்த அவசரம்தான் அதற்கு உயிர்.

அடுத்து, பாட்டின் குரல். தாய் மொழி தெரியாதவர்களுக்கு இது எளிதில் பிடிபடாது. தாய் மொழியில் ஐந்து தொனிகள் உண்டு. "மா" என்று சமமாகச் சொன்னால் வா, குரலை உயர்த்திச் சொன்னால் குதிரை, கீழிருந்து மேலே இழுத்தால் நாய். அதனால் மெட்டு ஒரு பக்கம் இழுக்க, சொல்லின் தொனி இன்னொரு பக்கம் இழுக்கும். லூக் துங் பாடகர்கள் இதைக் குழைவாலும் கமகம் போன்ற அசைவாலும் சமாளிப்பார்கள். சொல்லின் ஏற்ற இறக்கம் மெட்டுக்குள்ளேயே கரைந்துவிடும். ராக் மெட்டு அப்படி வளையாது. நேர்கோட்டில் அடித்துக்கொண்டே போகும், சொல் நசுங்கும். பல தாய் ராக் பாட்டுகளில் பாடகர் ஆங்கிலக்காரர் தாய் பேசுவதுபோல் ஒலிப்பது இதனால்தான். பாட் என்ன செய்தார்? மூக்கில் கொஞ்சம் தங்கும் மெல்லிய குரலை வைத்துக்கொண்டு, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போனார். கத்த வேண்டிய இடத்தில் பொய்க்குரலுக்குத் தாவினார். கீழே கிட்டார் மேற்கத்திய ராக், மேலே குரல் மட்டும் தாய்க் குரல். இது திட்டமிட்டதா, தொண்டை வாகா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். இவருக்குப் பிறகு வந்த தாய் இண்டி பாடகர்களை, அதாவது பெரிய கம்பெனிகளைச் சாராதவர்களை, கேளுங்கள். அந்த வழுக்கல் பாதிப் பேரிடம் இருக்கும்.

ஆல்பம் ஓடியது. அதிலிருந்து எல்லாம் வேகமாக நடந்தது. பேக்கரி அடுத்த வருடமே பாய்டின் "ரிதம் அண்ட் பாய்ட்" ஆல்பத்தை வெளியிட்டது, ராப் பாடகர் ஜோயி பாயைக் கொண்டுவந்தது. "ஆல்டர்நேட்டிவ்" என்ற சொல் ஊர்ச்சொல்லாகிவிட்டது. பெரிய கம்பெனிகள் சும்மா இருப்பார்களா? கட்டம் போட்ட சட்டையும் கலைந்த முடியுமாக அவர்களும் ஆட்களைத் தேட ஆரம்பித்தார்கள். மாற்று என்பதே ஒரு சரக்காகிப்போனது. எல்லா ஊரிலும் நடக்கும் கூத்துதான், அங்கே மட்டும் நடக்காமல் இருக்குமா?

ஆனால் அந்தக் கூத்திலிருந்தும் நல்லது விளைந்தது. 1996-இல் கிராமியின் கிளையிலிருந்தே லோசோ குழுவின் முதல் ஆல்பம் "லோ சொசைட்டி" வந்தது. தாய்லாந்தில் பணக்கார மேல்தட்டு ஆட்களை "ஹை-சோ" என்பார்கள். அதற்கு எதிராக, நாங்கள் கீழ்த்தட்டு என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் பெயர் லோசோ. பாடகர் செக் வடகிழக்கு கோராத்திலிருந்து வந்தவர். இதையும் மாடர்ன் டாக் குழுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாடர்ன் டாக் நகரத்துப் படித்த வர்க்கத்தின் குழு. சூலா மாணவர்கள், ஓட்டல் குடும்பத்துத் தயாரிப்பாளர், சியாம் ஸ்கொயர் ரசிகர்கள். டாக்சி ஓட்டுபவரும் தொழிற்சாலைக்குப் போகிறவரும் கிட்டார் ராக்கைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டது லோசோ மூலமாகத்தான். மாடர்ன் டாக் திறந்துவிட்ட வாசலில் அவர்களைவிடப் பெரிய கூட்டத்தோடு நுழைந்தவர்கள் லோசோ. "தாய் ராக்கை மாற்றிய ஒரே குழு" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

1997-இல் இரண்டாவது ஆல்பம் "கஃபே". அதே வருடம் ஜூலை 2-ஆம் தேதி தாய் அரசு பாட் நாணயத்தை மிதக்கவிட்டது. டாலருக்கு 25 என்றிருந்தது சில மாதங்களில் 50-ஐத் தாண்டியது. ஆசிய நிதி நெருக்கடி தொடங்கியதே அங்கிருந்துதான். கட்டி முடிக்காத கட்டடங்கள் எலும்புக்கூடாக நின்றன, வேலை போனவர்கள் காரைத் தெருவோரம் நிறுத்தி டிக்கியில் சாண்ட்விச் விற்றார்கள். தொண்ணூறுகளின் முதல் பாதியில் சின்ன இசைக் கம்பெனிகளைத் தாங்கிப் பிடித்திருந்ததே நடுத்தர வர்க்கத்தின் பையிலிருந்த உபரிக் காசுதான். அது வற்றியது. பேக்கரிக்கும் மூச்சு முட்டியது. பின்னாளில் பிஎம்ஜி என்ற பன்னாட்டு நிறுவனம் பங்குதாரராக உள்ளே வந்தது, 2004-இல் அது சோனியோடு இணைந்தது, பழைய பேக்கரி அதோடு முடிந்துபோனது. பாய்டும் சோம்கியாத்தும் லவ் இஸ் என்று புதிதாகத் தொடங்கினார்கள். நெருக்கடி வந்த பிறகு அதிகம் சேதப்பட்டது இந்தச் சின்னக் கடைகள்தான். பெரியவர்கள் எப்படியும் தப்பித்தார்கள்.

"கஃபே" முதல் ஆல்பம் அளவுக்கு எளிதில் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் குழுவாக எப்படி வாசிப்பது என்பதை அவர்கள் கற்றுக்கொண்டது அதில்தான் என்பது என் கட்சி. மேத்தியின் கிட்டார் மெட்டைத் தாங்குவதை விட்டுவிட்டு மெட்டோடு சண்டை போட ஆரம்பிப்பது அங்கேதான். அடுத்து நான்கு வருட இடைவெளி. 2001-இல் "லவ் மீ லவ் மை லைஃப்". பாஸ் வாசித்த பாப் விலகினார், மிச்சமிருந்த மூவரும் இன்றுவரை அப்படியே தொடர்கிறார்கள்.

2004-இல் வந்த "தட் சாங்" வேறு உயரம். தயாரித்தவர் டோனி டூகன். ஸ்காட்லாந்தின் பெல் அண்ட் செபாஸ்டியன், மொக்வாய் குழுக்களோடு வேலை பார்த்தவர். ஜப்பானிய இசைக்கலைஞர் யூகா ஹோண்டாவும் ஷான் லெனனும் அதில் பங்கெடுத்தார்கள். ஷான், பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுடைய மகன். பத்திரிகைகள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்கின, எனக்கென்னவோ அது பெரிதாகத் தோன்றவில்லை. அந்த ஆல்பத்தின் மதிப்பு அதன் இடைவெளிகளில் இருக்கிறது. "தா சவாங்" பாட்டை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். வாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதிக்காமல் தள்ளித் தள்ளி நிற்கும், பாட் குரலைச் சுற்றிக் காற்று இருக்கும். பத்து வருடத்துக்கு முன் கத்திக்கொண்டிருந்த பையன்கள் வளர்ந்துவிட்டார்கள் என்று அங்கே தெரியும்.

பிறகு 2008-இல் "திங் நோங் நோய்", 2016-இல் மூவரின் செல்லப்பெயரையே தலைப்பாக வைத்து ஒன்று. இருபத்திரண்டு வருடத்தில் ஆறே ஆறு ஆல்பம். கிராமி நட்சத்திரங்கள் வருடத்துக்கு ஒன்று என்று போட்டுத் தள்ளிய ஊரில் இது சோம்பேறித்தனம் மாதிரிகூடத் தெரியும். ஆனால் அவர்களை ஏன் இன்னும் மதிக்கிறார்கள் என்பதற்கு அந்தச் சோம்பலும் ஒரு காரணம். சந்தை கேட்டதென்று ஆல்பம் போட்டதாக யாரும் அவர்களைச் சொல்ல முடியாது.

சரி, தாக்கம் என்று கேட்டீர்களே, அதை இனி நேராகப் பார்ப்போம்.

முதலாவது, படிக்கிற பிள்ளைகளின் குழு என்பது ஒரு பாதையாகிவிட்டது. அதே சூலாவிலிருந்து பாரடாக்ஸ் வந்தது, முதல் ஆல்பம் 1996-இல். மேடையில் முகமூடி, வேடிக்கை உடை என்று அமர்க்களம் செய்யும் குழு, கேட்கத் தவறாதீர்கள். சில்பகோர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்கிரப் என்ற இருவர் குழு. 1996-இலேயே ஹாட் வேவ் வானொலி பள்ளி மாணவர் குழுக்களுக்கென்று போட்டி தொடங்கியது. அதில் ஜெயித்த ல-ஓன் என்ற பள்ளிக் குழுதான் பின்னாளில் பாடிஸ்லாம் ஆனது.

இரண்டாவது, சின்னக் கம்பெனி என்பது சாத்தியம் என்று ஆனது. தொண்ணூறுகளில் கிரப் என்ற குழு இருந்தது. அதிகம் விற்காத, மூடுபனி போன்ற கிட்டார் இசை. அதிலிருந்த ருங்ரோஜ் 1999-இல் ஸ்மால்ரூம் தொடங்கினார். கோன் கேனிலிருந்து வந்த டாட்டூ கலர், கிரீஸி கஃபே, பாலிகேட் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். சூக்கியின் தம்பி நோய் என்கிற கிரிஸ்ஸடா பாடிய ப்ரூ குழு 2001-இல் பேக்கரியிலிருந்தே வந்தது. 2000-இல் ஃபேட் ரேடியோ என்ற பண்பலை வந்து பெரிய கம்பெனிப் பாட்டோடு யாரும் கேள்விப்படாத குழுக்களின் பாட்டையும் ஒலிபரப்பியது. அடுத்த வருடமே சொந்தமாகத் திருவிழா நடத்தியது. குழுக்கள் தாங்களே பதிவு செய்த சிடியைத் தாங்களே மேசை போட்டு விற்கும் சந்தை அது. "தெக் நேவ்", அதாவது தனக்கென்று ஒரு பாணி வைத்திருக்கும் பசங்கள், என்ற வார்த்தை அந்தச் சூழலில்தான் பிரபலமானது. பாதி பாராட்டு, பாதி நக்கல். அந்த வானொலியை நடத்தியவர்கள் பின்னர் கேட் ரேடியோ என்று இணையத்துக்குப் போனார்கள், திருவிழா இன்றும் கேட் எக்ஸ்போ என்று நடக்கிறது.

இதெல்லாம் மாடர்ன் டாக் செய்ததா? இல்லை. ஆனால் "இப்படிப்பட்ட பாட்டை யார் வாங்குவார்கள்?" என்று கேட்கும் முதலாளியிடம் எடுத்துக் காட்ட ஒரு காசெட் இருந்தது. அதுவரை அது இல்லை.

மூன்றாவதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்வேன், ஏனென்றால் இங்கே நேர்க்கோடு போட முடியாது. ராக் பாடகர் என்பவர் தாய் சமூகத்தில் மதிப்பான ஆளாக மாறிவிட்டார். பாடிஸ்லாமின் பாடகர் தூன் சுபன்புரிக்காரர், கராபாவின் பாடகர் ஏட் பிறந்த அதே ஊர். 2010-இல் அவர்கள் ராஜமங்கலா விளையாட்டரங்கத்தையே நிரப்பினார்கள். அதே வருடத்து ஆல்பத்தில் "கித் ஹோத்" என்ற பாட்டில் சிரிபோன் அம்பைபோங் என்ற பாடகியோடு சேர்ந்து பாடினார்கள். அவர் லூக் துங்கும், மோர் லாம் என்ற வடகிழக்கு நாட்டுப்புற இசையும் பாடுபவர். வடகிழக்கு கிராமத்துக் குரலும் அரங்க ராக்கும் ஒரே பாட்டில். 2017-இல் தூன் தென்கோடி பெத்தோங்கிலிருந்து வடகோடி மே சாய் வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 11 அரசு மருத்துவமனைகளுக்காக 100 கோடி பாட் பணத்துக்கு மேல் திரட்டினார். தெருவோரம் கிழவிகள் நின்று கசங்கிய நோட்டைக் கையில் திணித்தார்கள். பாடிஸ்லாமின் இசை மாடர்ன் டாக் மாதிரி இருக்காது, அதைவிடக் கனமான, அரங்கத்துக்கென்றே செய்த ராக். ஆனால் சொந்தமாக எழுதி வாசிக்கும் குழுவுக்கு நாட்டின் நடுவே இடம் உண்டு என்ற நிலைமை எங்கே தொடங்கியது என்று பின்னோக்கித் தேடிப் போனால், வழியில் 1994-ஐத் தாண்டாமல் போக முடியாது.

தாக்கம் எங்கே போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாய்லாந்தில் பெருவாரி மக்களின் காதில் இன்றும் ஒலிப்பது லூக் துங்கும் மோர் லாமும். பேருந்து நிலையத்திலும் நெல் வயலோரக் கொட்டகையிலும் மாடர்ன் டாக் கேட்காது. வெளிநாட்டில் அவர்கள் பெயர் ஆசிய இசை தேடுபவர்கள் வட்டத்தைத் தாண்டவில்லை. ஆங்கிலத்தில் பாடியிருந்தால் தாண்டியிருக்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் பாடியிருந்தால், நீங்கள் கேட்டபடி, நிர்வாணா நகல்களில் ஒன்றாகத்தான் மிஞ்சியிருப்பார்கள்.

கேட்க ஆரம்பிப்பதாக இருந்தால் வெளியான வரிசைப்படி போகாதீர்கள். முதலில் "கோன்", உடனே "தா சவாங்". பத்து வருட இடைவெளியில் ஒரே குரல் என்ன ஆனது என்று தெரியும். பிறகு முதல் ஆல்பத்தை முழுதாக, சத்தமாக. பிடித்தால் "கஃபே". அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க லோசோவின் "லோ சொசைட்டி". ஒலிப்பதிவில் மட்டும் கேட்டுவிட்டு முடிவு கட்ட வேண்டாம். யூடியூபில் இவர்களின் நேரடி மேடைப் பதிவுகள் நிறையக் கிடக்கின்றன, அதில் பாட் ஆடுவதையும், அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தலைகுனிந்து கிட்டாரை இரைய வைத்துக்கொண்டிருக்கும் மேத்தியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.